மதில்மேல் விளக்கு

ஜனவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

சௌக்கியம் என்று எழுதினால் நீ நம்பப் போவதில்லை. அதனால் உள்ளதைச் சொல்கிறேன். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? காது மிஷினை மாட்டுகிறாயா, இல்லை அலமாரிக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருக்கிறாயா? போன தடவை போனில் நான் வேலை விஷயமாகக் கத்துகிறேன், நீ "ஆமா, இங்கயும் மழைதான்" என்கிறாய். இனி உன்னோடு கடிதம்தான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தின் வட்டார வரலாற்று மையத்துக்கு இயக்குநர் போடப் போகிறார்கள். ஒழுகுகிற கூரைக்குக் கீழே பெட்டி பெட்டியாக ஆவணங்களைத் தூக்கி நகர்த்தி நான் காப்பாற்றிய மையம் அது. ஓய்வு பெறுகிற வயது கண்ணுக்குத் தெரிகிறது. இது போனால் எனக்கு அடுத்தது என்று ஒன்று கிடையாது. தேர்வுக்குழுவில் வெளியிலிருந்து ஒரு நிபுணரைப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'ஆதாரம் சார்'. காலை வணக்கம் சொன்னால்கூட "இப்போ காலைங்கறதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்கிற ஆள்.

அவர் என் முதல் புத்தகத்தைக் கையில் எடுத்திருக்கிறார். நம் வீட்டுப் பின்மதில்தான் பழைய துறைமுகத்தின் மதில், கடல் பின்வாங்கிப் போனதும் ஊர் அதைச் சுற்றி வளர்ந்தது என்று எழுதினேனே, அந்தப் புத்தகம். பேராசிரியர் பதவி, பேர், புகழ் எல்லாம் அந்த மதிலில் சாய்ந்துகொண்டுதானே எனக்கு வந்தது? இப்போது கூடுதல் சான்று வேண்டுமாம்.

இத்துடன் ஒரு கேள்வித்தாள் அனுப்பியிருக்கிறேன். ஊரில் வயதானவர்கள் சிலரைப் பார்த்து, அந்த மதிலைப் பற்றிச் சின்ன வயதில் என்ன கேள்விப்பட்டார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி அனுப்பு. பரீட்சைத்தாள் திருத்தும் வேலை தலைக்கு மேல் இருக்கிறது, முழங்காலும் பஸ் படி ஏற மாட்டேன் என்கிறது. இல்லாவிட்டால் நானே வந்துவிடுவேன். நேர்முகத் தேர்வு மார்ச் நடுவில்.

அண்ணியின் மூட்டுவலி எப்படி என்று கேட்டதாகச் சொல்.

உன் தங்கை


ஜனவரி 15

புரொபசரம்மாவுக்குச் செவிட்டு அண்ணன் எழுதுவது,

இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். ஊர் முழுக்கக் கண் தெரிய வைத்தேன், அந்த மும்முரத்தில் என் காதைக் கோட்டை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். மிஷினை மாட்டினால் உன் அண்ணி பேசுவது கேட்கிறது. ஆகவே மாட்டவில்லை.

கேள்வித்தாள் வந்தது. கேள்வியின் நீளத்தைப் பார்த்தால் பதில் சொல்லி முடிப்பதற்குள் கிழடுகள் போய்ச் சேர்ந்துவிடும் போலிருக்கிறது. இருந்தாலும் போகிறேன். கேள்வியை நான் கேட்பேன், பதிலை உன் அண்ணி கேட்டு எழுதுவாள். எல்லோரும் நம் வாடிக்கைக்காரர்கள்தான். இந்த ஊரில் என் கண்ணாடி மாட்டாத மூக்கு எது?

உன் மதிலுக்கு இங்கே மவுசு கூடிவிட்டது தெரியுமா? நகராட்சி ஆட்கள் வந்து டேப் பிடித்து அளந்தார்கள். மதிலை அளந்தார்கள், அப்புறம் அடுப்படியை அளந்தார்கள், அப்படியே கடைவாசல் வரைக்கும் வந்து படியில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். நகராட்சித் தலைவர் உன் புத்தகத்தைப் பற்றி மேடையிலேயே பேசினாராம். பெருமையாக இருந்தது.

ஒன்று கேட்க வேண்டும். அது துறைமுக மதிலாக இல்லாமல் வேறு எதாவது மதிலாக இருக்க வாய்ப்பு உண்டா? ஏதோ சரக்கு வைக்கிற கிடங்கு, அப்படி இப்படி? சும்மாதான் கேட்டேன்.

காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்காராதே. ஸ்டூலில் நீட்டி வை.

அண்ணன்


ஜனவரி 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸ்டூல் வாங்கிவிட்டேன். காலை நீட்டியபடிதான் எழுதுகிறேன். நீ நன்றாக இருப்பதில் சந்தோஷம். ஆனால் உன் 'சும்மா' எனக்குச் சரியாகப் படவில்லை.

நீ எப்போது எதைச் சும்மா கேட்டிருக்கிறாய்? யாராவது கடைக்கு வந்து உன்னிடம் பேச்சுக் கொடுத்தார்களா? ஆதாரம் சாருக்கு நம் ஊர்ப் பக்கம் மாணவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி வாங்குகிற மாதிரி வந்து வாயைப் பிடுங்கியிருக்கலாம். "கிடங்கு" என்ற சொல் உனக்கு எங்கிருந்து வந்தது? அந்தச் சந்தேகத்தைக் கிளப்பியவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

தயவுசெய்து யாரிடமும் மதிலைப் பற்றி வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே. "எனக்குக் காது கேக்காது" என்று சொல்லிவிடு. அது முழுப் பொய்யும் இல்லையே. பெரியவர்களை மட்டும் சீக்கிரம் பார். பிப்ரவரிக்குள் சான்றுகளைக் கோப்பில் சேர்க்க வேண்டும்.

கோபமில்லை. பயம்தான். அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

தங்கை


பிப்ரவரி 10

மகாராணிக்கு,

ஸ்டூல் வாங்கியதற்குப் பாராட்டுகள். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. என் வாயைப் பிடுங்க யாரும் வரவில்லை. பிடுங்க இருக்கிற பல்லும் கொஞ்சம்தான். கிடங்கு என்பது என் சொந்தச் சரக்கு, அதை விடு.

கேஸ் ஜெயித்தாயிற்று! முதலில் தந்தி ஐயா. தந்தி ஆபீசிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ காலமாயிற்று, இன்னும் மேஜையைத் தட்டிக்கொண்டுதான் பேசுகிறார். அவர் சொன்னது: "அந்த மதில்மேல ஒரு விளக்கு இருந்துச்சுப்பா. எங்க தாத்தா தினம் சாயங்காலம் ஏணி வச்சு ஏறி எண்ணெய் ஊத்துவாரு. காத்தோட சண்டை போட்டுக்கிட்டே எரியும். அதப் பாத்துத்தான் கப்பலெல்லாம் உள்ள வரும்." சொல்லும்போது அவர் குரல் நடுங்கியதாக உன் அண்ணி சொன்னாள். எனக்குத் தாடை நடுங்கியது மட்டும் தெரிந்தது.

அடுத்து தையல் டீச்சர். அவருடைய அம்மாவைப் பெற்றவர் அந்த விளக்குக்குத் திரி திரித்துக் கொடுத்தாராம். "காத்தோட சண்டை போடற விளக்குக்குச் சாதாரணத் திரி தாங்குமா?" என்று என்னையே கேட்டார். பம்பு மெக்கானிக் இருக்கிறாரே, அவருக்கு விளக்கு நின்ற கல்லே தெரியுமாம். மதில்மேல் ஏறிக் காட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டார். அவர் வயதுக்கு அது தேவையா? பிடித்து உட்கார வைத்தோம்.

எல்லாம் உன் அண்ணியின் கையெழுத்தில் இத்துடன் இருக்கிறது. ஆதாரம் சார் மூக்கில் விரலை வைக்கட்டும்.

இன்னொன்று. மாடி அறையைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன். உன் பழைய டிரங்குப் பெட்டி இருக்கிறது. உனக்கு வேண்டுமா? ஆள் கிடைத்தால் அனுப்பி வைக்கிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 18

அன்புள்ள அண்ணா,

நலம் விசாரிக்கக்கூட எனக்கு நிதானமில்லை, மன்னித்துக்கொள்.

உன் கடிதம் வந்ததும் துள்ளிக் குதித்தேன், முழங்காலோடுதான். துணைவேந்தர் அலுவலகத்துக்குப் போன் போட்டு, "வாய்மொழிச் சான்றுகள் கெடைச்சாச்சு" என்று சொல்லி, அண்ணி எழுதிய தாள்களையும் அன்றைக்கே கோப்பில் சேர்த்துவிட்டேன். சேர்த்துவிட்டு வந்து, நகலை வைத்துக்கொண்டு ஆற அமர இன்னொரு தரம் படித்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

அண்ணா, அந்த விளக்கு என்னுடையது.

என் புத்தகத்தின் முதல் பக்கத்தை நினைத்துப் பார். எடுத்த எடுப்பிலேயே கல், சுண்ணாம்பு, அளவு என்று தொடங்கினால் யார் படிப்பார்கள் என்று, மதில்மேல் ஒரு விளக்கு எரிந்திருக்கும் என்று நானாக எழுதினேன். 'காற்றோடு சண்டை போட்டுக்கொண்டே எரிந்த விளக்கு.' அப்போது எனக்கு எழுத்தில் ஆசை அதிகம். நம் மாடி ஜன்னலில் உட்கார்ந்து மதிலைப் பார்த்துக்கொண்டே எழுதிய வரி அது. ஆவணத்தில் விளக்கும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஒருத்தர் அப்படிச் சொன்னால் தற்செயல். கேட்ட எல்லோரும் என் வார்த்தையையே சொல்கிறார்கள் என்றால்?

புத்தகம் அச்சானதே கொஞ்சம். விற்காத பிரதிகள் என் கட்டிலுக்கடியில் தூங்குகின்றன. பள்ளிக்கூடப் பாடத்திலும் அது வரவில்லை. பிறகு எப்படி இவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது? நீ யோசித்துச் சொல். உடனே சொல்.

டிரங்குப் பெட்டியை எதற்கு இப்போது கிளப்புகிறாய்? அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

தங்கை


பிப்ரவரி 27

என் அசட்டுப் புரொபசருக்கு,

முதலில் ஒரு வாய் தண்ணீர் குடி. மாத்திரை போட்டாயா? இதற்கா இப்படிப் பேயறைந்த மாதிரி எழுதியிருக்கிறாய்?

எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டாய். நான்தான் சேர்த்தேன். உனக்குத் தெரியாதா? நாற்பது தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தெரிகிறதா என்று சோதிக்க ஒரு அட்டை வேண்டும். கம்பெனி கொடுக்கிற அட்டையில் தலையும் காலும் இல்லாத வாக்கியங்களாக இருக்கும். உன் புத்தகம் வந்த கையோடு முதல் பக்கத்தைப் பெரிய எழுத்திலிருந்து பொடி எழுத்து வரைக்கும் அச்சடித்து, அட்டையில் ஒட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்தேன். என் தங்கை எழுதியதை விட்டுவிட்டு வேறு எதைப் படிக்கச் சொல்வேன்?

அன்றிலிருந்து இந்த ஊரில் கண்ணாடி போட வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் வாய்விட்டுப் படித்திருக்கிறார்கள். ஒரு தரமா? லென்ஸ் மாற்ற மாற்ற, "இப்ப படிங்க, இது தெளிவா, அது தெளிவா" என்று திரும்பத் திரும்பப் படிக்க வைப்பேன். அதிலும் விளக்கு வரியில்தான் எழுத்து சரியான அளவில் அமையும். அது தெளிவாகத் தெரிந்துவிட்டால் பவர் முடிவாகிவிடும். பவர் கூடக் கூடத் திரும்பி வருவார்கள், திரும்பவும் படிப்பார்கள். தந்தி ஐயா கண்ணுக்கு எத்தனை கண்ணாடி மாற்றியிருப்பேன்! நகராட்சித் தலைவருக்கும் போன வருடம்தான் வெள்ளெழுத்து வந்தது.

ஆக, ஊரே உன்னைப் படித்திருக்கிறது. எந்தப் புரொபசருக்கு இந்தக் கொடுப்பினை? நீயானால் அழுதுகொண்டிருக்கிறாய்.

உன் அண்ணி உன்னை விசாரித்தாள். அவள் கொஞ்சம் களைப்பாக இருக்கிறாள், வேறொன்றுமில்லை.

அண்ணன்


மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

மாத்திரை போட்டாயிற்று. உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றபோது பயமாக இருந்தது.

உன்மேல் கோபப்பட வேண்டும் என்று பார்க்கிறேன், முடியவில்லை. என் எழுத்தை இப்படி யார் கொண்டாடியிருக்கிறார்கள்? ஆனால் நீ என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று உனக்குப் புரிகிறதா? வயதானவர்களின் ஞாபகம் என்பது எங்கள் தொழிலுக்கு ஊற்று மாதிரி. நீ அதில் என் தண்ணீரையே கொண்டுபோய் ஊற்றியிருக்கிறாய். நான் அதையே மொண்டு குழுவிடம் கொடுத்திருக்கிறேன்.

இப்போது கோப்பிலிருந்து தாள்களைத் திரும்ப வாங்கினால், ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால், விளக்கு கற்பனை என்றால் மதிலும் கற்பனையா என்பார்கள். மதில் துறைமுகத்துடையது என்பதற்கும் என்னிடம் இருப்பது கல்லின் தினுசும் என் நம்பிக்கையும்தான். அந்த நாளில் அது போதுமானதாகத் தோன்றியது.

நேற்று முழுக்க யோசித்தேன். பேசாமல் இருந்துவிட்டால் என்ன? ஆதாரம் சாருக்கு உன் கடையைத் தெரியாது. கிழவர்களுக்கு ஒரு விளக்கு கிடைத்திருக்கிறது, சந்தோஷமாக இருக்கிறார்கள். மதில் எப்போதும் போல நின்றுகொண்டிருக்கிறது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்? யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, இல்லையா? நீ சொல். நீ ஆமாம் என்றால் வாயை மூடிக்கொண்டு நேர்முகத்துக்குப் போய்விடுவேன்.

அண்ணிக்கு என்ன களைப்பு? டாக்டரிடம் காட்டு.

தங்கை


மார்ச் 9

அன்புள்ள தங்கைக்கு,

நலம்.

யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. வாயைத் திறக்காதே. நேர்முகத்துக்குப் போய்விட்டு வா.

அண்ணன்


மார்ச் 11

அன்புள்ள உனக்கு அண்ணி எழுதுவது,

உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு ஒன்றும் இல்லை. உன் அண்ணன் எழுதிய களைப்பு உடம்பில் இல்லை.

இவர் உனக்கு எழுதிய கடைசிக் கடிதத்தைத் தபாலில் போட்டது நான்தான். உறை ஒட்டுவதற்கு முன் படித்துவிட்டேன். அதில் ஒரு கேலி இல்லை. இந்த மனுஷர் கேலி இல்லாமல் கடிதம் எழுதி நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

நம் வீடு போகப் போகிறது. மதிலைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கிறார்கள். மதிலை ஒட்டிய கட்டிடம் எதுவும் இருக்கக் கூடாதாம். சிவப்புக் கோடு வரைக்கும் காலி செய்யச் சொல்லி ஜனவரியிலேயே நோட்டீஸ் வந்துவிட்டது. கடை, மாடி, அடுப்படி எல்லாம் கோட்டுக்குள்தான் இருக்கிறது. இடித்துவிட்டு அங்கே புல் வளர்த்து, மதில்மேல் ஒரு விளக்கு வைக்கப் போகிறார்களாம். நோட்டீசில் உன் புத்தகத்தின் பக்க எண்ணைப் போட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் ஆரம்பத்தில் விசாரணை. ஆட்சேபம் சொல்ல வேண்டுமென்றால் அன்றைக்குச் சொல்லலாம். அதற்கு முன்பே சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன் என்கிறார் இவர். நான் கேட்டேன், "உங்க தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?" அதற்கு, "அவ அந்த மதில வச்சுத்தான் மேல வந்தா. நான் போய் அத உருவவா?" என்றார். ஊர் ஓரத்தில் ஒரு அறை பார்த்திருக்கிறார். அதில் லென்ஸ் அலமாரி நுழையாது. இந்த வயதில் கடையை விட்டுவிட்டு என்ன செய்வார் என்று கேட்டால், அப்போது மட்டும் காது சுத்தமாகக் கேட்பதில்லை.

உன்னைக் குறை சொல்லவில்லை. உன் வேலைக்கும் இது முக்கியமான நேரம் என்று தெரியும். தெரிந்தே எழுதுகிறேன். எனக்கு இந்த வீட்டை விட்டுப் போகப் பிடிக்கவில்லை.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அண்ணி


மார்ச் 19

அண்ணா,

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்க மாட்டேன். எப்படி இருக்கிறாய் என்று இப்போது எனக்குத் தெரியும். அண்ணியைத் திட்டினாயானால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பேன், முழங்கால் போனாலும் போகட்டும்.

கல்லில் இருக்கும் உளிக்குறியைப் பார்த்து வயது சொல்கிறவள் நான். பின்மதிலை அளக்க வந்தவன் கடைவாசலில் ஏன் கோடு போட்டான் என்று உன் கடிதத்தைப் பார்த்துக் கேட்கத் தெரியவில்லை. டிரங்குப் பெட்டி என்று எழுதினாயே, மாடியை ஏன் காலி செய்கிறாய் என்றும் கேட்கவில்லை. வேலை, வேலை என்று என் பயத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கையைக் காலாக நினைத்துக் கேட்கிறேன், அந்தச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதே. போட்டிருந்தால் போய்த் திரும்ப வாங்கு.

நேற்று நேர்முகம் முடிந்தது. நீண்ட மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் டம்ளர். ஆதாரம் சார் அண்ணி எழுதிய தாள்களைப் புரட்டிக்கொண்டே, "நல்ல சாட்சியங்கள். ஆனா எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்களே. இதுக்கு ஆதாரம்?" என்றார்.

"எங்க அண்ணன் கண்ணாடிக் கடை, சார்" என்றேன்.

அட்டையைப் பற்றி முழுக்கச் சொன்னேன். துணைவேந்தர் முதலில் சிரித்தார், பிறகு மற்றவர்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அப்போ உங்க முதல் புத்தகம்?" என்று கேட்டார். "மதில் பழசு சார், அது நிச்சயம். துறைமுகம்ங்கறது நான் நெனச்சது. விளக்கு நான் ஆசைப்பட்டது. அத நம்பி அங்க இப்போ ஒரு வீட்ட இடிக்கப் போறாங்க" என்றேன்.

ஆதாரம் சார் பேனாவை மூடி வைத்தார். "இத நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே" என்றார். அவர் முகத்தில் ஜெயித்த களை ஒன்றும் இல்லை. யாரும் வேறு கேள்வி கேட்கவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன். வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். எங்கள் மையத்தின் ஆவணக் காப்பாளர் என் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நகராட்சிக்கு இதையே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். கட்டிலுக்கடியில் கிடக்கும் பிரதிகளில் ஒட்டுவதற்குப் புது முதல் பக்கமும் எழுதிவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. பழைய பக்கத்தை எங்கே ஒட்டியிருந்தாயோ அங்கே இதை ஒட்டு.

அண்ணிக்கு என் நமஸ்காரம்.

தங்கை


ஏப்ரல் 26

அன்புள்ள அண்ணா,

எனக்கு உடம்பு பரவாயில்லை. உங்கள் இருவரிடமிருந்தும் ஒரு வரி இல்லை. விசாரணை முடிந்து இத்தனை நாளாகிறது, என்ன ஆயிற்று? போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. வீட்டில் இருந்தும் எடுக்கவில்லையா, வீடே இல்லையா என்று தெரியாமல் தவிக்கிறேன்.

இயக்குநர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. நல்ல பையன், என்னிடம் படித்தவன்தான். பெட்டிகளை எந்த வரிசையில் அடுக்கியிருக்கிறேன் என்று கேட்க வந்தான். சொல்லிக் கொடுத்தேன். அவன் போனபிறகு அந்த அறையில் உட்கார முடியவில்லை.

என்மேல் கோபமா? கோபமென்றால் கோபம் என்றாவது எழுது.

தங்கை


மே 8

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் இருக்கிறோம். வீடும் இருக்கிறது. போன் எடுக்காததற்குக் காரணம், அது அடித்ததே எனக்குத் தெரியாது. உன் அண்ணி அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள், என்னோடு சண்டை போட்டுவிட்டு. நேற்று வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாகச் சுரண்டியை எடுத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்து அந்தச் சிவப்புக் கோட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள்.

கோபம் இருந்தது. மறைக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டது எதற்காக? நீ போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாயே என்று ஆற்றாமையாக இருந்தது. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கையெழுத்துப் போடவில்லை. உன் அண்ணி பேனாவை ஒளித்து வைத்திருந்தாள்.

விசாரணையில் அதிகாரி உன் கடிதத்தை வாசித்தார். கூட்டம் கொதித்துவிட்டது. பம்பு மெக்கானிக் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "படிச்சுப் படிச்சு அந்தப் பொண்ணுக்கு மூளை கொழம்பிடுச்சு. எங்க விளக்கு இல்லேன்னு சொல்ல அவ யாரு?" என்றார் தையல் டீச்சர். ஆனால் நகராட்சி வக்கீல், எழுதியவரே இல்லை என்று சொன்ன பிறகு இடிக்கிற உத்தரவு நிற்காது என்று சொல்லிவிட்டார். நோட்டீசை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு கடைக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை. வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள அண்ணனும் தங்கையும் சேர்ந்து நாடகமாடினோமாம். நான் பாட்டுக்கு லென்ஸைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். நீ அனுப்பிய பக்கத்தை மட்டும் அச்சடித்து, ஒட்டி, உறை போட்டேன்.

போன திங்கட்கிழமை தந்தி ஐயா வந்தார். கண்ணாடியை மிதித்துவிட்டாராம். அன்றைக்கு நான் மிஷினை மாட்டியிருந்தேன். அட்டையைக் கொடுத்தேன். முதல் வரியைக் கணீரென்று படித்தார்: "இந்த மதிலை யார் கட்டினார்கள், எதற்காகக் கட்டினார்கள் என்று". அங்கே நின்றுவிட்டார்.

"மங்கலா இருக்கு. லென்ஸ மாத்து" என்றார். மாற்றினேன். மறுபடியும் அதே இடத்தில் நின்றார். இன்னொன்று போட்டேன். "பழைய அட்டையக் குடு, அது நல்லாத் தெரியும்" என்றார். "அது இல்லீங்க ஐயா" என்றேன்.

மேஜையைத் தட்டினார். பிறகு அட்டையை எடுத்து, ஒரே மூச்சில், எழுத்துக் கூட்டுகிற குழந்தை மாதிரி படித்தார்: "எனக்குத் தெரியாது. விளக்கு ஒன்று எரிந்ததாக நான் முன்பு எழுதியது என் ஊகம்." கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"விளக்கே இல்லேன்னா எங்க தாத்தா சாயங்காலத்துல என்ன பண்ணிட்டிருந்தாரு?" என்று கேட்டார்.

"நீங்கதான் ஐயா சொல்லணும்" என்றேன்.

"நான் எப்படிப்பா சொல்றது? எங்க தாத்தாவ நான் பாத்ததே இல்லியே."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பவரைக் குறித்துக்கொண்டு, பிரேம் காட்டினேன். பழைய மாதிரியே போதும் என்றார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, "உன் தங்கச்சிய ஒரு தடவ வரச் சொல்லு. எங்கப்பாவப் பத்தின்னா எனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கு" என்றார்.

வா. டிரங்குப் பெட்டியை மறுபடியும் மாடியிலேயே வைத்துவிட்டேன். கேள்வித்தாள் கொண்டு வராதே.

அண்ணன்